எழுதியவருக்கு ஒரு துட்டி

"உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர்கள் யார்?" என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் நான் பொய்தான் சொல்லுவேன். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் நாவலும் நாடகமும் எழுதியவர்கள் என்று உண்மையைச் சொன்னால், ரேஷன் கடையில் ஐஸ்கிரீம் கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். "போடியில இருந்துக்கிட்டு அதெல்லாம் எதுக்கு?" எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். எங்கள் ஊர் ஏலக்காய் எந்தெந்த நாட்டுக்கோ போகிறது. அங்கே யாரும் அதை நிறுத்தி வைத்து, இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பதில்லை. புத்தகம் மட்டும் மலையைத் தாண்டி வந்தால் விசாரணை வைக்கிறார்கள்.

அந்தப் புத்தகங்கள் எனக்குக் கிடைத்தது தற்செயலாகத்தான். அக்காவுக்கு ஆபரேஷன் என்று மதுரை ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தேன். பகலில் அவள் தூங்கும் நேரத்தில் வெளியே நடப்பேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜெர்மன் நாடகங்கள் சில கிடந்தன. சும்மாதான் வாங்கினேன். ஒரு நாடகத்தில் யாருக்குமே பெயர் இல்லை. அப்பா, மகன், குமாஸ்தா, அந்தப் பெண், அவ்வளவுதான். அக்காலத்து நாடகக்காரர்கள் பலருக்கு அது ஒரு பாணி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்கு அது புதுமையாகவே படவில்லை. எங்கள் வீட்டில் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? அண்ணே, மதினி, மாப்ளே என்றுதான் ஒரு நாள் முழுக்க ஓடும். இன்னொன்றும் பிடித்தது. அந்த நாடகங்களில் எல்லாரும் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்குவதே இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்கு வந்து மறைவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார்களோ என்று தோன்றியது.

நாடகத்திலிருந்து நாவலுக்குப் போனேன். நாவல்கள் வேறு மாதிரி. மெதுவாக நகரும். ஒருவன் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டே இருப்பான். ஒரு குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே இருக்கும். எழுதியவர்களில் பாதிப் பேர் ஜெர்மனிக்காரர்களும் இல்லை. அவர்கள் இருந்த பெரிய தேசம் சண்டையில் உடைந்து, பிறந்த ஊர் ஒரு நாட்டிலும் பேசிய மொழி இன்னொரு நாட்டிலும் ஆகிப்போயிற்று. இதைப் புரிந்துகொள்ள எனக்கு உரை எதுவும் வேண்டியிருக்கவில்லை. போடிமெட்டுச் செக்போஸ்டைத் தாண்டினால் கேரளம். அங்கே செடிக்குச் செடி கேட்பது தமிழ்.

அப்போது நான் பூப்பாறைக்கு இந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தேன். பறித்த பச்சைக் காயைக் கொண்டுவந்து சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். யார் எவ்வளவு காய் கொண்டுவந்தார்கள் என்று எடை பார்த்து எழுதுவது என் சோலி. தினமும் ஜீப்பில் மலை ஏறி, தினமும் இறங்குவேன். சிலமலையில் கொஞ்சம் பேரை ஏற்றிக்கொண்டு ஜீப்பு போடிக்கு வரும். நாங்கள் ஏறியதும் அடிவாரத்து முந்தல் தாண்டி மலையில் தலையை நீட்டும். ஸ்வெட்டர், தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி, மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் கொங்காணி. இத்தனையோடு பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி அடைந்து உட்கார்ந்திருப்போம். இப்போது முழங்கால் வலியால் நான் மலை ஏறுவதில்லை. காலையில் தெருமுனையில் ஜீப்பின் ஹாரன் கேட்டால் உடம்பு இன்றும் தானாக எழுந்துகொள்கிறது. அந்த நெருக்கடியும் ஸ்வெட்டர்களின் ஈர வாடையும் ஏலக்காய் மணமும் எனக்கு இனி கிடைக்கவே கிடைக்காது.

கதை சொல்லத் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். ஜீப்பின் பாட்டுப்பெட்டி ஈரம் பட்டுச் செத்துப்போனது. டிரைவர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீதான் வீட்டுல எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கியாம்ல. எதாச்சும் சொல்லு. எனக்குத் தூக்கம் வருது. வளைவுல நான் அசந்தேன்னா எல்லாருக்கும் சோலி முடிஞ்சுரும்."

உயிர்ப்பயத்தில் இலக்கியச் சேவை செய்தவள் நானாகத்தான் இருப்பேன். அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலையே சொல்ல ஆரம்பித்தேன். கனத்த புத்தகம். முன்பக்கம் கிழிந்துபோனதால் அதன் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. இரவில் அகராதியோடு கொஞ்சம் படிப்பேன், காலையில் மலை ஏறும்போது சொல்லுவேன். மனிதர்களின் பெயர்கள் என் வாயிலேயே நுழையவில்லை என்பதால், அந்த நாடகக்காரர்களைப் போலவே பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். புருசன், பொண்டாட்டி, ஆபீசர், வாடகைக்கு இருக்கிறவர் என்று ஆகிவிட்டது.

கதை இதுதான். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற ஒருவன், அவன் மனைவி. சண்டை வருகிறது. முதலில் பட்டாளத்துக்காரர்கள் ஊரிலுள்ள குதிரைகளையெல்லாம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அப்புறம் குதிரைக்கு லாடம் அடிக்க ஆள் வேண்டும் என்று அவனையும் கொண்டுபோகிறார்கள். சண்டை முடிகிறது. சிலர் திரும்பி வருகிறார்கள். சிலர் செத்ததாகச் சேதி வருகிறது. இவன் மட்டும் வரவும் இல்லை, சேதியும் இல்லை. மனைவி அலுவலகத்துக்குப் போய்க் கேட்கிறாள். செத்ததற்கு அத்தாட்சி இல்லாததால் நீ விதவை இல்லை என்கிறார் ஓர் அதிகாரி. உயிரோடு இருப்பதற்கும் அத்தாட்சி இல்லாததால் நீ மனைவியும் இல்லை என்கிறார் அடுத்த அறை அதிகாரி. ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவள் இன்னொரு கதவைத் தட்டுகிறாள். இடையில் அவள் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார்.

"தாலுகாபீசுன்னு சொல்லு," என்றாள் வெற்றிலை அக்கா. ஜீப்பில் எல்லாருக்கும் மூத்தவள் அவள். வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்ததில்லை. "எங்க பட்டாவுக்கு நான் நடக்காத நடையா? அந்த ஆபீசரு மூஞ்சி எனக்கு அப்படியே தெரியுது."

அந்த ஊர் வெளிநாட்டில் இருக்கிறது என்று நான் பலமுறை சொல்லியும் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. பனி வந்தது, மலை வந்தது, ஆகவே மூணாறுக்கு அங்கிட்டு எங்கேயோ என்று முடிவு செய்துவிட்டார்கள். செடிக்கடியில் உட்கார்ந்து காய் எடுக்கும்போதும் இதே பேச்சு. லாடக்காரன் பொண்டாட்டி அந்த வாடகைக்காரரைக் கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று ஒரு நாள் பெரிய சண்டை. வேலை நடக்கவில்லை என்று மலையாளத்துச் சூப்பர்வைசர் என்னிடம் வந்து, எந்தத் தோட்டத்தில் நடந்த விவகாரம் இது என்று ரகசியமாக விசாரித்தார். அவருக்கும் முன்கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜீப்பில் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் சிலமலைக்காரி. கடைசியில், படிக்குப் பக்கத்தில் உட்காருவாள். அவளுடைய புருசன் போர்வெல் வண்டியில் வடக்கே வேலைக்குப் போனவன். போன புதிதில் போன் வந்தது. பிறகு போன் நின்றது. வண்டிக்காரர்களைக் கேட்டால், பாதி வழியில் இறங்கிப் போய்விட்டான் என்றார்கள். போலீசிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. அவன் போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்த நாவலைச் சொல்ல ஆரம்பித்தேனா என்று நீங்கள் கேட்கலாம். நான் தொடங்கும்போது அது குதிரை லாடம் பற்றிய கதை என்றுதான் நினைத்தேன். அது எங்கே போகிறது என்று புரிந்தபோது நிறுத்தப் பார்த்தேன். நிறுத்த விடாதவள் அவள்தான்.

ஒரு மதியம் காய்மூட்டையை எடை போடக் கொண்டுவந்தவள், மற்றவர்கள் போன பிறகும் நின்றாள்.

"அக்கா, அந்த லாடக்காரன் வந்துருவானா, செத்துட்டானா?"

"எனக்கே தெரியாதுத்தா. நான் இன்னும் கடைசிக்குப் போகல."

"எதுவா இருந்தாலும் சரிக்கா. நடுவுல மட்டும் விட்டுறாதீங்க." கொங்காணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "எங்க மாமியா வீட்டுக்குள்ள என்னய அழுக விடாது. உசுரோட இருக்கிறவனுக்கு அழுதா அவன் ஆயுசு கொறஞ்சுரும்ங்குது. ஒரு பழைய போனு இருக்கு, பட்டன் போனு. அதுக்குச் சார்சு போட்டு மடியிலயே வச்சுக்கிட்டு இருக்கும். அவனுக்குத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான்ங்கும். நானும் எங்கிட்டுத்தான் போயி அழுக? வண்டியில அழுதா நீங்கல்லாம் கேப்பீங்க. காட்டுல அழுதா சூப்பர்வைசரு கேப்பாரு. அவன் வரணும்னுகூட இப்ப எனக்குத் தோணலக்கா. ஒரு நா ஒக்காந்து நல்லா அழுகணும். அம்புட்டுதான்."

நான் மூட்டையைத் தராசில் ஏற்றினேன். அவள் சிரித்துக்கொண்டே, "வெரசாப் படிங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்கு எடை எதுவும் மனதில் நிற்கவில்லை.

கடைசிப் பக்கத்தை முன்கூட்டிப் புரட்டிப் பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அதற்குப் பிறகு கை பரபரத்தது. பார்க்காமல் படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தேன். தலைநகரத்தில், எல்லாவற்றுக்கும் மேலான ஓர் அலுவலகம். நீண்ட நடைவழி. லாடக்காரன் மனைவி அந்த நடைவழியைக் கடந்து போய்க் கதவின் கைப்பிடியில் கை வைக்கிறாள். பக்கம் முடிந்துவிட்டது. திருப்பினால் மொழிபெயர்த்தவரின் குறிப்பு. அதிலும் பெயர் இல்லை, ஆசிரியர் என்றுதான் இருந்தது. எழுதியவர் இதற்குமேல் எழுதவில்லை. அரசு மாறி, சொந்த நாட்டில் இருக்க முடியாமல் வெளியேறி, வேறொரு தேசத்தில் வாடகை அறையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் அங்கேயே இறந்துபோனார்.

முதலில் எனக்கு வந்தது ஆத்திரம். "ஏன்யா, இம்புட்டுப் பக்கம் இழுத்துக்கிட்டு வந்து கதவைத் திறக்காமலா சாவே?" என்று வாய்விட்டே திட்டினேன். அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் அந்த வாடகை அறையை நினைத்தேன். தன் ஊரில் தன் மொழியில் பேசிக்கொண்டிருந்த மனுசன், யாரும் அந்த மொழி பேசாத தெருவில் உட்கார்ந்து, வராத புருசனுக்காக நடக்கிற ஒருத்தியை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அவரும் எந்தெந்த அலுவலகத்தில் எத்தனை கதவைத் தட்டினாரோ. எனக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகம் படித்து அழுகிறாள் என்று வீட்டில் கேலி செய்வார்களே என்று முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

முடிவு ஒன்றைக் கட்டிச் சொல்வது எனக்குப் பெரிய காரியமில்லை. அவ்வளவு நாள் சொன்னதில் கை பழகியிருந்தது. அவன் வந்துவிட்டான் என்று முடிக்கலாம். ஜீப்பே கைதட்டும். செத்துவிட்டான் என்று முடிக்கலாம். சிலமலைக்காரிக்கு ஒரு பதிலாவது கிடைக்கும். இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் மறுநாள் வண்டி ஏறினேன்.

முந்தல் தாண்டியதும், "என்னாச்சு, கதவைத் தெறந்தாளா?" என்றாள் வெற்றிலை அக்கா. டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். நான் திரும்பிச் சிலமலைக்காரியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். வந்துவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்துவிட்டான் என்று சொல்லவும் வரவில்லை. எழுதினவரே கொல்லாத ஒருவனை நான் எப்படிக் கொல்வது?

"கதவுல கைய வச்சா. அதோட கதை நிக்குது. எழுதினவரு முடிக்கிறதுக்குள்ள செத்துப்போனாரு," என்றேன்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை.

"எப்படிச் செத்தாராம்?" என்று கேட்டாள் சிலமலைக்காரி.

"சொந்த ஊருல இருக்க விடல. வேற நாட்டுல ஒரு வாடகை ரூம்புல இருந்தாரு. அங்கனயே போயிச் சேர்ந்துட்டாரு."

"அழுக ஆளு இருந்துச்சாக்கா?"

"தெரியலத்தா. இருந்திருக்காதுன்னுதான் நெனைக்கிறேன்."

அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப நம்ம வண்டியில சாவு விழுந்துருச்சு," என்றாள்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் வருகிற யார் வீட்டிலாவது சாவு என்றால் அடுத்த நாள் வண்டி மலை ஏறாது. கூலி போனாலும் போகட்டும் என்று எல்லாரும் சேர்ந்து போய்த் துட்டி கேட்க வேண்டும். துட்டி கேட்பது என்றால் வெறுமனே தலையைக் காட்டிவிட்டு வருவதல்ல. செத்த வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு, கூட உட்கார்ந்து, வாய்விட்டு அழுதுவிட்டு வருவது. அதற்குப் போகாதவளோடு ஜீப்பில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

"அடி இவளே, அந்தாளு என்ன நம்ம வண்டியில வந்தவரா?" என்றாள் ஒருத்தி.

"பின்ன? மழைக்காலத்துல இருந்து தெனமும் நம்மளோடதான மலை ஏறுறாரு," என்றாள் சிலமலைக்காரி.

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அது நாயந்தான்," என்றார்.

"துட்டி கேக்க ஒரு வீடு வேணுமேடி. அவரு வீட்டுக்கு நாம எங்கிட்டுப் போறது?" என்று வெற்றிலை அக்கா கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளே சிலமலைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கு வாங்க," என்றாள் சிலமலைக்காரி. "எடம் இருக்கு."

அவள் எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று ஜீப்பில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. ஒருத்திகூட மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஜீப்பு மலை ஏறவில்லை. சிலமலைக்குப் போகும் வழியில் சூப்பர்வைசரிடமிருந்து டிரைவர் அண்ணனுக்குப் போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"எந்தா, வண்டி வந்நில்லல்லோ?"

"சாவு சார். வரமாட்டோம்."

"ஆரா மரிச்சது?"

"ஒரு எழுத்தாளரு சார். வெளிநாடு."

"டூரிஸ்டாணோ? போலீஸ் கேஸ் ஆகுமோ?" என்றார் பதறிப்போய்.

"இல்ல சார். நம்ம லாடக்காரன் கதைய எழுதுனவரு."

"அய்யோ," என்றார் சூப்பர்வைசர். "அப்போ பாக்கிக் கதை?"

வண்டிக்குள் எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு சிலமலை ஊருக்குள் நுழையும்வரைதான் இருந்தது. தெருமுனையில் இறங்கியதும் வெற்றிலை அக்கா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, முதல் குரலைக் கொடுத்தாள். அவ்வளவு நாளும் பட்டாவையும் தாலுகா ஆபீசையும் திட்டிக்கொண்டிருந்த அந்தத் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. நாங்கள் கும்பலாக அவள் பின்னால் நடந்தோம். அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

சிலமலைக்காரியின் மாமியார் வாசலில் நின்றார். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த கழுத்து. கையில் அந்தப் பட்டன் போன்.

"நிறுத்துங்கடி. யாருக்கு? யாருக்கு அழுகுறீங்க?" கையை நீட்டி எங்களை மறித்தார். "எம்மகனுக்கு ஒண்ணும் இல்ல. வாசல்ல நின்னு அபசகுனம் பண்ணாதீங்க."

"உங்க மகனுக்கு இல்லத்தா," என்றாள் வெற்றிலை அக்கா. "ஒரு எழுதுறவரு. தூரா தேசம். போன எடத்துல தனியாச் செத்துப்போனாரு. அழுக நாதியில்ல. எங்க வண்டிக்கு வேண்டப்பட்டவரு."

"அதுக்கு எங்க வீடுதான் கெடச்சுச்சா?"

"நாந்தான் கூட்டியாந்தேன் அத்தே," என்றாள் சிலமலைக்காரி உள்ளேயிருந்து.

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு அழக்கூடாது என்று சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இல்லை. வாசலை விட்டு விலகி, உள்ளே போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் வட்டமாக உட்கார்ந்தோம். வெற்றிலை அக்கா சிலமலைக்காரியின் தோளில் கை போட்டு இழுத்து அணைத்துக்கொண்டாள். எந்த ஊரு ராசாவோ, யாரு பெத்த பிள்ளையோ என்று தொடங்கினாள். வாடகை அறையில் செத்ததைச் சொன்னாள். கதவைத் திறக்காமல் போனதைச் சொன்னாள். நான் ஜீப்பில் சொன்ன கதையெல்லாம் அவள் வாயில் ஒப்பாரியாக வந்தது. சிலமலைக்காரி முதலில் முகத்தை மூடிக்கொண்டு சும்மா ஆடிக்கொண்டிருந்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் வார்த்தையே இல்லை. அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. அத்தனை வருசத்துச் சிரிப்பையும் திருப்பிக் கொடுப்பதுபோல அழுதாள். நாங்கள் எல்லாரும் அவளைப் பிடித்துக்கொண்டோம். நானும் அழுதேன். அவளுக்காகவும் அழுதேன், அந்தப் பெயர் தெரியாத மனுசனுக்காகவும் அழுதேன். தான் எழுதியதற்கு இப்படி ஒரு கூலி கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அழுகை கொஞ்சம் தணிந்தபோது சுவர் ஓரத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த எழுதுறவனுக்கு ஆத்தா இருந்துச்சா?"

"இருந்திருப்பாகத்தா."

"அவளுக்கு யாரு போயிச் சொன்னா?"

புத்தகத்தில் அது இல்லை. "தெரியலத்தா," என்றேன்.

"சொல்லியிருக்க மாட்டானுக," என்றார். "யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டானுக. வருவான் வருவான்னு பாத்துக்கிட்டே கெடந்திருப்பா, அவ."

மடியிலிருந்த போனை எடுத்துத் தரையில் வைத்தார். கையூன்றி நகர்ந்து வந்தார். வெற்றிலை அக்கா இடம் விட்டாள். மாமியார் மருமகளின் தலையை இழுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் அடித்து அழ ஆரம்பித்தார். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் எழுத்தாளரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வெயில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி கொண்டா கொண்டா என்று யாரையோ விரட்டிச் செம்பில் தண்ணீர் கொண்டுவரச் செய்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக எழுந்தோம். எழுந்த பிறகுதான் ஒரு சங்கடம். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. வந்தவர்கள் பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இது துட்டி வீடு இல்லையென்றால் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. சொல்லிவிட்டுப் போனால், இந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். சொல்லாமல் போனால், இல்லாத ஒன்றை நாங்களாக முடித்துவைத்தது போல ஆகிவிடும். வெற்றிலை அக்காவுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு முந்தானையைத் திருகினாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் எல்லாரும் நின்றோம். சிலமலைக்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் எங்களை ஒருமுறை பார்த்தார். மருமகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்த கையை எடுக்கவில்லை.

"சொல்லிக்கிட்டு நிக்காதீகத்தா," என்றார். "சொல்லாமப் போங்க."

நாங்கள் தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.